அழிப்பதா காப்பதா: சட்டம் சொல்கிறதா, பெயர் சொல்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யாரென்று காட்டிக்கொள்ளாமல் சுவர்களில் வரையும் பிரிட்டிஷ் தெருவோவியர் பேங்க்ஸி பற்றி உங்கள் நாளிதழில் வந்த வாசகர் கடிதத்துக்கு இது பதில். லண்டன் நீதிமன்றச் சுவரில் அவர் வரைந்ததை அழித்தது சரிதான், அனுமதி இல்லாமல் அடுத்தவர் சுவரில் யார் கைவைத்தாலும் குற்றம் குற்றம்தான், சட்டத்துக்குப் பெரிய ஓவியர் சின்ன ஓவியர் என்ற பேதமெல்லாம் தெரியாது என்று அந்த நண்பர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லண்டனில் குடியிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே சட்டத்துக்கு அந்தப் பேதம் நன்றாகவே தெரியும்.

முதலில் அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கடிதத்திலும் சரி, அதற்கு முன் நீங்கள் போட்ட செய்தியிலும் சரி, அது ஒரு வரிக்கு மேல் இல்லை. 2025 செப்டம்பர் 8ஆம் தேதி, ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் வளாகத்தில் குயின்ஸ் பில்டிங் வெளிச்சுவரில் அது தென்பட்டது. பொய்முடியும் கறுப்பு அங்கியும் அணிந்த ஒரு நீதிபதி, தரையில் விழுந்து கிடக்கும் போராட்டக்காரரை மரச் சுத்தியலால் அடிக்கிறார். விழுந்தவர் தற்காப்புக்குப் பிடித்திருப்பது ஒரு பதாகை. அதில் ஓர் எழுத்துகூட இல்லை, ரத்தத் தெறிப்பு மட்டும்தான். (இங்கிலாந்து நீதிபதிகள் சுத்தியல் வைத்திருப்பதில்லை, அதெல்லாம் அமெரிக்க வழக்கம் என்று இங்கே சிலர் குறை சொன்னார்கள். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? சுத்தியல் இல்லாவிட்டால் நீதிபதி எதை ஓங்குவார்?) அதற்கு இரண்டு நாள் முன்புதான், பாலஸ்தீன் ஆக்‌ஷன் என்ற பாலஸ்தீன ஆதரவு அமைப்பை அரசு தடை செய்ததை எதிர்த்துப் பார்லிமென்ட் சதுக்கத்தில் நடந்த போராட்டத்தில் கிட்டத்தட்ட 900 பேரைக் கைது செய்திருந்தார்கள், அதில் பெரும்பாலானோர் கையில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். பேங்க்ஸி விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. இன்ஸ்டாகிராமில் படத்தையும் இடத்தின் பெயரையும் போட்டதோடு சரி.

உடனே கறுப்பு பிளாஸ்டிக் தாளும் இரும்புத் தடுப்பும் வந்தன, காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள், 10ஆம் தேதி தேய்த்து அழித்தார்கள். இது பாரம்பரியக் கட்டடம், அதன் அசல் தோற்றத்தைக் காப்பது எங்கள் கடமை என்றது நீதிமன்ற நிர்வாகம். சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் புகார் வந்திருக்கிறது, விசாரிக்கிறோம் என்றது போலீஸ். தேய்த்த பிறகும் கல்லில் ஒரு சாம்பல் நிழல் தங்கிவிட்டது. முகம், அங்கி மடிப்பு எல்லாம் போய், ஓங்கிய கையும் கீழே கிடக்கும் ஆளும் மட்டும் உருவமாகத் தெரிந்தன. பத்திரிகைகள் அதையும் படம் எடுத்துப் போட்டன.

சரி, சட்டம் தன் கடமையைச் செய்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் பின்னால் போங்கள். 2024 ஆகஸ்டில் இதே பேங்க்ஸி லண்டன் முழுக்க ஒன்பது நாளில் ஒன்பது மிருகப் படங்கள் வரைந்தார், நினைவிருக்கலாம். அதில் ஒன்று லட்கேட் ஹில்லில் இருந்த போலீஸ் காவல் பெட்டி. அதன் கண்ணாடிகளில் பிரானா என்ற கடிக்கும் மீன்களை வரைந்து, பெட்டியையே மீன் தொட்டியாக்கிவிட்டார். சிட்டி போலீஸ் முதலில் சொன்னது அச்சுப் பிசகாமல் இதே வார்த்தைதான்: சொத்துக்குச் சேதம். ஆனால் நடந்தது என்ன? பெட்டியைப் பத்திரமாகத் தூக்கிக் கொண்டுபோய் கில்டுஹால் முற்றத்தில் வைத்து, தடுப்புக் கட்டி, ஜனங்கள் வந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். இப்போது அது லண்டன் மியூசியத்துக்கான சொத்து. அதே நகரம், அதே ஆள், அதே குற்றம், போலீஸ் பெட்டி என்றால் அருங்காட்சியகம், நீதிமன்றச் சுவர் என்றால் தேய்ப்பு. மீன் யாரையும் கடிக்கவில்லை, நீதிபதி படம் கடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் பின்னால் போனால் கிளாக்டன் கதை இருக்கிறது. இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஏனென்றால் யாரும் பொய் சொல்லாமலேயே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. 2014 அக்டோபர், எசெக்ஸ் கடலோர ஊர், அங்கே இடைத்தேர்தல் சமயம், எங்கு பார்த்தாலும் குடியேறிகள் பற்றித்தான் பேச்சு. ஒரு சுவரில் ஐந்து சாம்பல் புறாக்கள், கையில் பதாகைகளோடு. ஒன்றில் குடியேறிகளுக்கு இங்கே இடமில்லை என்கிறது, ஒன்றில் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போ, இன்னொன்றில் எங்கள் புழுக்களைத் தொடாதே. எதிரே கம்பியில் தனியாக ஒரு சின்னப் பச்சைக் குருவி உட்கார்ந்திருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கிண்டலைச் சுவரில் வரைய முடியாது. யாரோ இனவெறி வாசகம் என்று புகார் கொடுக்க, உள்ளூர் கவுன்சில் ஆளை அனுப்பிச் சுத்தமாக அழித்துவிட்டது. அப்புறம்தான் அது பேங்க்ஸியின் படம் என்று தெரிந்தது. உடனே கவுன்சில் சொன்னதைப் பாருங்கள்: அவர் மறுபடி வந்து எங்கள் கடற்கரையில் பொருத்தமான ஒரு படம் வரைந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்! அனுமதி இல்லாமல் வரைவது குற்றம் என்ற பேச்சே அங்கே எழவில்லை. வரைந்தவர் பெயர் முன்கூட்டியே தெரியாமல் போயிற்றே என்பதுதான் அவர்கள் வருத்தம்.

பெயர் இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும்? 2008 கோடையில் தேம்ஸ் தென்கரையில் உள்ள டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம், தன் வெளிச்சுவர்களை ஆறு தெருவோவியர்களுக்குக் கொடுத்து ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய படங்கள் வரையச் சொன்னது. அது அனுமதியோடு நடந்தது, மறுக்கவில்லை. அதே கோடையில், அதே தென்கரையில், சதர்க் கிரவுன் கோர்ட்டில், ரயில்களில் பெயர் எழுதித் திரிந்த டிபிஎம் என்ற கும்பலின் இளைஞர்களுக்கு இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை கொடுத்தார்கள். அவர்கள் எழுதியது மகா கலை என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கே அதில் பாதி பிடிக்காது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று எழுதும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பேங்க்ஸியும் அந்த மாதிரி ஓட்டத்தில் தொடங்கியவர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். பிரிஸ்டலில் கையாலேயே ஸ்ப்ரே அடித்துத் திரிந்த காலத்தில், ஒரு ராத்திரி ரயிலில் வரைந்துகொண்டிருக்கும்போது போலீஸ் வந்துவிட, ஒரு டிப்பர் லாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாராம். மேலே எஞ்சின் ஆயில் சொட்டுகிறது, கண்ணுக்கு நேரே லாரியின் டேங்கில் அச்சு வைத்து அடித்த எழுத்து. நம்மூர் லாரி முதுகில் தகர அச்சு வைத்து எழுதுவார்களே, அதே மாதிரி. ஸ்டென்சிலுக்கு, அதாவது வெட்டிய அச்சு அட்டைக்கு, மாறினால் பாதி நேரத்தில் முடித்துவிட்டு ஓடலாம் என்ற யோசனை அங்கேதான் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வேலையெல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும்: அட்டையில் வரைந்து, பிளேடால் வெட்டி, கண்ணின் கருவிழி மாதிரித் தனியாகக் கழன்று விழுகிற துண்டுகளை மெல்லிய பாலம் விட்டு மற்ற பாகத்தோடு இணைத்து வைப்பார்கள். சுவருக்கு முன்னால் செய்ய வேண்டியது அட்டையை ஒட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் உரித்துக்கொண்டு கிளம்புவதும்தான். ஆக இன்று கோடிக்கணக்கில் ஏலம் போகிற அந்தக் கறாரான விளிம்பு, போலீஸ் பயத்தில் பிறந்தது. முகம் காட்டாமல் இருப்பதும் முதலில் அதற்காகத்தான்.

இப்போது அந்த முகமின்மை வேறு வேலை செய்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2015ல் காசாவில், குண்டு விழுந்து தரைமட்டமான ஒரு வீட்டில் தப்பி நின்ற இரும்புக் கதவில் பேங்க்ஸி ஒரு படம் வரைந்துவிட்டுப் போனார், தலையில் கை வைத்து அழும் பெண் தெய்வம். வீட்டுக்காரருக்கு அது யார் வரைந்தது என்று தெரியாது, சுமார் 175 டாலருக்கு விற்றுவிட்டார், பிறகு விஷயம் தெரிந்து ஏமாந்துவிட்டேனே என்று புலம்பினார். வீடு போனவனுக்குக் கதவும் போயிற்று. இதில் பேங்க்ஸியின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் அந்தப் பெயர் போகிற இடத்திலெல்லாம் பின்னாலேயே ஒரு சந்தையும் போகிறது. 2012ல் வட லண்டனில் ஒரு மலிவு விலைக் கடையின் பக்கச் சுவரில், ராணியின் வைர விழாவுக்குத் தையல் மெஷினில் பிரிட்டிஷ் கொடித் தோரணம் தைக்கும் சிறுவனை வரைந்தார். குழந்தைத் தொழிலாளி பற்றிய படம். அடுத்த பிப்ரவரியில் சுவரோடு பெயர்த்தெடுத்து மயாமியில் ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள், அந்த வட்டாரத்து ஜனங்கள் சண்டை போட்டு நிறுத்தினார்கள், ஆனால் ஜூனில் லண்டனிலேயே ஏழரை லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோய்விட்டது. கடைச் சுவரில் இருந்தவரை அது கடைக்குள் போகிறவனைக் கேள்வி கேட்டது. வாங்கினவர் வீட்டில் யாரைக் கேட்கும்?

சுவர்க்காரர் பக்கத்தையும் பேசாமல் விட்டால் அந்த நண்பர் என்னைச் சும்மா விடமாட்டார். நியாயம்தான். 2021ல் லோவஸ்டாஃப்டில் ஒரு வீட்டுச் சுவரில் பெரிய கடற்புறா வரைந்தார், வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது, வீட்டுக்காரருக்கு நிம்மதி போயிற்று, காவல், பாதுகாப்பு, கடைசியில் சுவரைப் பெயர்த்தெடுப்பது என்று செலவுக்கு மேல் செலவு. அவரை யாரும் கேட்கவில்லை. பேங்க்ஸியும் கேட்கவில்லை.

கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. 2006ல் பிரிஸ்டலில், பாலியல் நல மருத்துவமனை இருந்த கட்டடத்தின் சுவரில், கவுன்சில் அலுவலகத்துக்கு நேர் எதிரே, ஜன்னலில் ஒற்றைக் கையால் தொங்கும் நிர்வாண மனிதனை வரைந்தார். மேலே கோட்டு சூட்டு போட்ட கணவர் எட்டிப் பார்க்கிறார், பக்கத்தில் மனைவி. கவுன்சில் அதை அழிக்க ஓடவில்லை. ஊர்க்காரர்களிடம் இணையத்தில் கருத்துக் கேட்டது, 97 சதவீதம் பேர் இருக்கட்டும் என்றார்கள், இருந்தது. என் கோரிக்கை இந்த வழியைப் பெயர் தெரியாத பையன்களுக்கும் திறந்துவிடுங்கள் என்பதுதான். சுவர் தனியாருடையது என்றால் அவர் சொல்வதே முடிவு. பொதுச் சுவர் என்றால் ஒரு மாதம் விட்டு வையுங்கள், தெருவாசிகளைக் கேளுங்கள், வேண்டாம் என்றால் தாராளமாக அழியுங்கள், அது பேங்க்ஸியே ஆனாலும். நீதிமன்றச் சுவருக்கும் இதே விதி என்றால் அந்தப் படம் ஒரு மாதமாவது நின்றிருக்கும், நீதிபதிகளும் போக வரப் பார்த்திருப்பார்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. ஏலக்கூடத்திலேயே பாதி கிழிந்துபோன அவருடைய ‘பலூன் சிறுமி’ ஓவியம் 2021ல் ஒரு கோடியே 85 லட்சம் பவுண்டுக்குப் போனதை நீங்கள் முதல் பக்கத்தில் போட்டீர்கள், தவறில்லை. அந்த ஆள் யார் என்ற ஊகத்துக்கும் அவ்வப்போது அரைப் பக்கம் தருகிறீர்கள், அதில் எனக்கு ஆர்வமில்லை, போகட்டும். ஆனால் 2023 காதலர் தினத்தன்று மார்கேட்டில் வரைந்தாரே, ஒரு கண் வீங்கி, பல் உடைந்து, மஞ்சள் கையுறை போட்ட குடும்பப் பெண் சிரித்துக்கொண்டே கணவனை ஃப்ரீசருக்குள் தள்ளுகிற படம், அதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. சுவரோரம் கிடந்த நிஜ ஃப்ரீசரை வைத்துத்தான் அதை அமைத்திருந்தார். கவுன்சில் அன்றைக்கே வந்து பாதுகாப்புக் காரணம் சொல்லி ஃப்ரீசரைத் தூக்கிக்கொண்டு போய்விட, சுவரில் அந்த மனிதனின் கால்கள் மட்டும் அந்தரத்தில் நின்றன. அடுத்த முறை பேங்க்ஸி செய்தி போடும்போது சுவரில் என்ன வரைந்திருக்கிறது, ஏன் அந்தச் சுவரில் என்பதை முதல் பத்தியில் போடுங்கள். விலையைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
லண்டன் வாசகர் ஒருவர்