நாணயப் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் பசை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோப்பித் தோட்டக் காலத்து டோக்கன், 1957-இல் புத்த ஜயந்திக்காக வந்த வெள்ளி ஐந்து ரூபாய், பழைய சதக்காசு என்று சேர்ப்பவர்கள் பலர் அண்மையில் ஒரே முறைப்பாட்டோடு கடைக்கு வருகிறார்கள்: "காசு நல்லா இருக்கு, பெட்டிதான் மங்கிப்போச்சு." விசாரித்தால், விலை ஸ்டிக்கரைப் பிய்த்த இடத்தில் பிசுபிசுப்பு, அதை எடுக்க நெயில் பொலிஷ் ரிமூவர், தின்னர், பெற்றோல் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள்.

காசை வைக்கும் வட்டப் பெட்டியான காப்ஸ்யூல் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். காசைத் தரம் பிரித்து உள்ளே வைத்து மூடி வரும் நீள்சதுரப் பெட்டியான ஸ்லாப் பெரும்பாலும் பொலிஸ்டைரீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக். ரிமூவரில் உள்ள அசிட்டோன் இரண்டையுமே கரைக்கும். வெள்ளையாகப் படர்வது அழுக்கு இல்லை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே கரைந்த அடையாளம். எவ்வளவு துடைத்தாலும் போகாது. பாமசியில் வாங்கும் ஸ்பிரிட் கூட அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கலாம். நம் பக்கத்து வீடுகளில் தடிமனுக்கு வைத்திருக்கும் யூகலிப்டஸ் தைலத்தையும் சிலர் கேட்கிறார்கள். கண்ணாடிப் போத்தலில் ஒட்டிய பசைக்கு அது அருமையான சாமான்தான். ஆனால் பொலிஸ்டைரீனில் பசையோடு பெட்டியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

சரி, பின்னே என்ன செய்வது? தேங்காய் எண்ணெய் போதும். குளிரில் பசை இறுகிக் கிடக்கும், ஆகவே முதலில் ஸ்டிக்கரை உள்ளங்கையால் சற்றுநேரம் பொத்தி வைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். மிச்சமிருக்கும் பசையில் துளி எண்ணெயைத் தடவி, சில நிமிடம் விட்டு, விரல் நுனியால் உருட்டினால் திரண்டு வந்துவிடும். பிளேடும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வேண்டாம், கீறல் விழும். நுவரெலியாக் காலையில் எண்ணெய் உறைந்திருந்தால் இன்னும் நல்லது: வழிந்தோடிப் பொருத்துக்குள் இறங்காது. ஆனால் இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள். எண்ணெய் நெடுநேரம் நின்றால் பொலிஸ்டைரீனில் வெடிப்பு வரக்கூடும்.

பிறகு எண்ணெயை எடுக்க வேண்டும். திறக்கக்கூடிய காப்ஸ்யூல் என்றால், இந்த வேலையைத் தொடங்கும்முன்பே காசை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். வெற்றுக் காப்ஸ்யூலை இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவலாம். மூடிய ஸ்லாப்பைத் தண்ணீரில் போடவே கூடாது. பொருத்து வழியே நீர் இறங்கி உள்ளே இருக்கும் தாளையும் காசையும் கெடுக்கும். சவர்க்கார நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்துணியால் மேலாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மழைக்காலத்தில் நம் வீடுகளில் எதுவும் இலேசில் காயாது, எனவே காசைத் திரும்ப வைக்க அவசரப்பட வேண்டாம். பெட்டியோடு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்தால் நல்லது.

பிசுபிசுப்பு பெட்டியின் உள்பக்கம் இருந்தால் அது ஸ்டிக்கர் பசை அல்ல. வளைகிற மெல்லிய பழைய உறைகள் சிலவற்றை பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்திருப்பார்கள். அதிலிருந்து கசியும் பொருள் காசின்மேல், முக்கியமாகச் செப்பில், பச்சைப் படலமாகப் படியும். அப்படிக் கண்டால் வீட்டில் தேய்க்காமல் காசை உடனே வேறு உறைக்கு மாற்றி எங்களிடம் கொண்டு வாருங்கள்.

அப்புறம், இனிமேல் நாங்கள் பெட்டியில் விலை ஒட்டுவதில்லை. விலைச்சீட்டு வெளியே இருக்கும் பொலித்தீன் பையில்தான் இருக்கும்.

அன்புடன்,
கடையார், ஹட்டன்