குறளிக்குக் கூண்டு வேண்டாம், இட்டேரியை விடுங்கள்

மாய உயிரினங்கள் ஒழுங்குமுறைத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டுக்காரர்களும் (உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு) கிணற்று வேலைக்காரர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. கொங்கு மண்டலத்துக்கென்று நீங்கள் சுற்றுக்கு விட்ட வரைவு விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

முதலில் அட்டவணை. முனியப்பனையும் கன்னிமாரையும் 'பதிவு செய்யவேண்டிய உயிரினங்கள்' என்று சேர்த்திருக்கிறீர்கள். அவர்கள் சாமி. எடை, உயரம், தடுப்பூசி போட்ட நாள் என்ற கட்டங்களை யார் போய்க் கேட்டு நிரப்புவது? அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிடுங்கள். குறளி, கிணற்று மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசு, வாய்க்கால் நாகம் ஆகியவை உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கட்டும், மறுப்பில்லை.

குறளியை 4 அடிக்கு 4 அடி இரும்பு வலைக்கூண்டில் வைத்து, தோட்டக்காரர் பேரில் உரிமம் எடுக்கவேண்டும் என்கிறது வரைவு. சாண் உயரப் பிராணிக்கு அந்த இடம் தாராளம் என்று கணக்குப் போட்டவருக்கு இட்டேரி தெரியாது. இரண்டு காட்டுக்கு, அதாவது இரண்டு நிலத்துக்கு நடுவே, இருபக்கமும் உயிர்வேலி வைத்து, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஓடும் மண்தடம்தான் இட்டேரி. கிளுவை, கள்ளி, சங்கஞ்செடி, பிரண்டை, வேலிப்பருத்தி, கோவைக்கொடி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கீரி, உடும்பு, கவுதாரி, செம்போத்தோடு குறளியும் அதற்குள்தான் குடி. இராத்திரி வேலி ஓரமாகவே நெடுந்தூரம் ஓடித் திரும்பும். கூண்டில் அடைத்தால் தீனி எடுக்காது, ஓட்டின் மேல் கல்லெறியும். அது அதன் குணம்.

சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) குறளித் தொல்லை என்று உங்களுக்கு மனுக்கள் குவிவதற்குக் காரணமும் இதுவே. பாதையை அகலப்படுத்த ஜேசிபி ஒரே பகலில் இட்டேரியை வழித்துவிடுகிறது. அந்த இடத்தில் கல்தூண் நட்டுக் கம்பிவேலி கட்டுகிறார்கள். குடியிருந்த வேலி போனபின் குறளி சாளைக்கு வராமல் வேறெங்கே போகும்? ஆகவே கூண்டுக்கு ஒதுக்கிய பணத்தைக் கிளுவைக்குத் திருப்புங்கள்.

வேலி வைக்கும் முறையை உங்கள் பணியாளர்களுக்காக எழுதுகிறோம். கட்டைவிரல் கனத்துக்கு மேற்பட்ட முற்றிய கிளுவைக் கொம்பை 4 முதல் 5 அடி நீளத்துக்குச் சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயில் பிசின் காயும்வரை நிழலில் கிடத்துங்கள். பச்சையாகவே ஈரமண்ணில் வைத்தால் அடி அழுகும். வடகிழக்குப் பருவத்தின் முதல் மழை இறங்கியதும் ஒரு முழம் ஆழத்தில், அரையடி இடைவெளியில், இரண்டு வரிசையாக, முதல் வரிசையின் சந்துக்கு நேராக இரண்டாம் வரிசைப் போத்து (நடும் கொம்பு) வரும்படி நட்டு, அடிமண்ணைக் குத்தி இறுக்கவேண்டும். தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று அறிக்கை எழுதுவது கூலிக்கு ஆள் விட்டால் நடப்பது; வெட்டும்போதே நுனிப்பக்கம் சுண்ணாம்பு தொட்டு வைத்தால் தப்பலாம். நீர் தேங்கும் பள்ளத்தில் கிளுவை நிற்காது, அங்கே நொச்சி வையுங்கள். துளிர் வந்ததும் வெள்ளாடு வரும். முதல் வருசம் முழுக்க வெளிப்பக்கம் வேலமுள் போட்டு அடைக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் ஆட்டுக்குத் தீனி. சந்தில் சீமைக்கருவேல் தலைகாட்டினால் வேரோடு பிடுங்குங்கள், வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். வேலி பின்னிக்கொள்ள வருசங்கள் ஆகும். அதற்குள் ஆய்வுக்கு வந்து 'குறளி தென்படவில்லை' என்று குறிக்கவேண்டாம்.

அடுத்து மோகினி. தூர்வார இறங்கியவர் மயங்கி விழுகிறார். தூக்க இறங்கியவரும் விழுகிறார். உங்கள் கோப்பில் 'கிணற்று மோகினி இழுத்தது' என்று பதிவாகி, அவளுக்கு வெளியேற்ற உத்தரவு போகிறது. இது பொய் வழக்கு. தழை மக்கும் பாழுங்கிணற்றில் கரியமில வாயு காற்றைவிடக் கனமாக இருப்பதால் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அது கூடினால் மூக்கே மரத்துப்போகும், ஆகவே நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குகிறவர் சாகிறார். கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் டீசல் இன்ஜின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கோ வாசமே கிடையாது.

அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். ஆக்சிஜன் மிகக் குறைந்திருந்தால் விளக்கு அணையும், சரிதான். ஆனால் நச்சு வாயுவை அது காட்டாது. மீத்தேன் இருந்தால் விளக்கே தீயாகிவிடும். வாயுவை அளக்கும் கருவியான வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பாருங்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக்கூடாது. காற்றூதும் இயந்திரமான ஊதுவானின் குழாயை அடிமட்டம்வரை விட்டு நல்ல காற்றை உள்ளே தள்ளி, மறுபடி அளந்து, ஆள் உள்ளே இருக்கும்வரை ஊதுவானை நிறுத்தாமல் வையுங்கள். இறங்குபவர் உடம்போடு இழுவார்ப்பட்டை, அதிலிருந்து மேலே ராட்டினத்துக்குக் கயிறு, மேலே கயிற்றைப் பிடிக்க இரண்டு பேர். அவர் மயங்கினால் மேலிருந்தே இழுக்கவேண்டும், பின்னால் இன்னொருவர் குதிக்கக்கூடாது. தழைக்கொத்தை ஆட்டிவிட்டு, நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு 'காத்து மாறிருச்சு' என்று சொல்வதை நம்பவேண்டாம். மோகினி எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: உச்சிவேளையில் இறங்காதீர்கள், அவள் தூங்கும் நேரம். வட்டத்துக்கு ஒரு வாயுமானியும் ஊதுவானும் இரவலுக்கு வையுங்கள். அவள் பேரில் வரும் வழக்கு தானாகக் குறையும்.

கொள்ளிவாய்க்கு ஒரு பத்தி போதும். குளத்தில் பிளீச்சிங் தூள் கொட்டி அணைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் மீன்தான் சாகும். சேற்றில் தழை மக்கிக் கிளம்பும் மீத்தேன்தான் அதற்குத் தீனி. கோடையில் வண்டலை அள்ளிக் காட்டுக்கு அடித்தால் தீனி குறைந்து அதுவே இடம் மாறும். சோளத்தட்டுப் போரைக் குளக்கரையில் போடாதீர்கள் என்று மட்டும் தண்டோரா போடுங்கள்.

காலிங்கராயன் வாய்க்கால் நாகத்தைக் கேமராவில் கண்காணிக்க வளைவுகளை நேராக்கும் யோசனையைக் கைவிடவேண்டும். பவானியில் தொடங்கி நொய்யல்வரை சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் அந்த 13ஆம் நூற்றாண்டு வாய்க்கால் பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்தில் வெட்டியது என்பது எங்கள் பக்கத்து வழக்கு. மேட்டை ஒட்டி வளைந்து போவதால்தான் தண்ணீர் வாட்டத்தில் (சரிவில்) மெதுவாக இறங்குகிறது. வளைவை வெட்டி நேராக்கினால் வாட்டம் கூடி வேகம் எடுக்கும், மண்கரை அரிக்கும், மேட்டு மடைகளுக்கு ஏறாது. சம்பளமும் ஓய்வூதியமும் கேட்காத பொறியாளர் அந்த நாகம். உரிமக் கட்டணத்தையாவது தள்ளுபடி செய்யுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சித்திரையில் வைப்பதாகக் கேள்வி. கண்ணபுரம் மாட்டுச்சந்தை நடக்கும் நாள்களைத் தவிர்த்து வையுங்கள், அன்றைக்கு எங்களில் ஒருவரும் வரமாட்டோம். கூட்டம் இராத்திரியாக இருந்தால் குறளிகளையும் அழைத்து வரலாம். ஓட்டுக்கூரை இல்லாத மண்டபமாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
கொறங்காட்டுக்காரர்களும் கிணற்று வேலைக்காரர்களும்