வாசலில் வசூல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கோவை அவிநாசி சாலையை ஒட்டிய திறந்தவெளித் திடல் ஒன்றில் நடந்த இசைக் கச்சேரிக்காகத் திருப்பூரிலிருந்து குடும்பத்துடன் காரில் வந்தோம். நீலாம்பூர் வந்து சேர ஒரு மணி நேரம் பிடித்தது; அங்கிருந்து திடலின் வாசலைத் தொட மேலும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாங்கள் இருக்கையில் அமர்ந்தபோது நான்கு பாட்டுகள் முடிந்திருந்தன.

சாலை போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வதற்கில்லை. இதே சாலையின் மேல் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, தொலைதூர வண்டிகளில் பெரும்பகுதி மேலேயே போய்விடுகிறது. வரிசையில் நின்றபடி நான் கண்ட காரணம் வேறு. வண்டி நிறுத்தக் கட்டணத்தைத் திடலின் வாசலிலேயே வசூலித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காரும் நின்று, கண்ணாடியை இறக்கி, எவ்வளவு என்று கேட்டு, சில்லறை இல்லாமல் கைபேசியில் பணம் அனுப்ப முயன்று, அத்தனை கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் காத்திருந்து, ரசீது வாங்கிய பிறகே நகர்ந்தது. ஒரு காருக்கு 20 விநாடி என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஒரு வாசல் வழியாக மணிக்கு 180 கார்களே நுழைய முடியும். 900 கார்கள் வந்தால் கடைசிக் கார் உள்ளே போக 5 மணி நேரம் ஆகும். உள்ளே பாதித் திடல் காலியாகக் கிடக்க, வெளியே விமான நிலையத்துக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் போகிற சாலை அடைபட்டுக் கிடந்தது. எங்களுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் ஒலி எழுப்பியபடி நின்றதை என் மகள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நாளன்று நூற்றுக்கணக்கான கார்கள் வந்து சேருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டார்ச் விளக்கும் விசிலுமாக நான்கு பையன்கள், வந்த காரை நிறுத்தாமல் நேரே கடைசி வரிசைக்கு அனுப்பி, பின்னாலிருந்து முன்னோக்கி நிரப்பிக்கொண்டே வருவார்கள். அங்கே யாரும் காசு கேட்பதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து இணையத்தில் டிக்கெட் வாங்குகிறவரிடம் வண்டிக் கட்டணத்தையும் அப்போதே வாங்கிக்கொண்டு, முன்கண்ணாடியில் வைக்க ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால், வாசலில் பார்த்து அனுப்புவது மட்டுமே மிச்சம். விட்டுப்போனவர்களுக்கு உள்ளே, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ரசீது போடலாம்.

இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வழித்தடத்தையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 25 சதுர மீட்டர் வேண்டும். அப்படியானால் ஓர் ஏக்கரில் 160 கார்களே நிற்கும். எத்தனை டிக்கெட் விற்கிறார்களோ அதற்கேற்ற ஏக்கர் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காவல் துறை அனுமதி வழங்க வேண்டும். இடம் போதாதெனில், மருதமலையில் கூட்டம் மிகுந்த விசேஷ நாட்களில் சொந்த வண்டிகளை அடிவாரத்தில் நிறுத்தச் செய்து கோயில் பேருந்தில் மேலே அனுப்புவதைப் போல, நீலாம்பூர் பக்கம் ஓர் இடத்தில் கார்களை நிறுத்தவைத்துப் பேருந்தில் அழைத்து வரலாம். 50 பேர் ஏறும் ஒரு பேருந்து, நால்வர் வீதம் வரும் 12 கார்களைச் சாலையிலிருந்து எடுத்துவிடும்.

திரும்பும் நேரத்தையும் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் கச்சேரி அந்நேரத்துக்குச் சரியாக முடிந்துவிடுகிறது; நகரப் பேருந்துகள் குறையத் தொடங்குவதும் அப்போதுதான். பேருந்தில் வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள், ஆட்டோக்காரர்கள் கேட்ட தொகையைக் கொடுக்க முடியாமல் சாலையோரமாக ஹோப் காலேஜ் நிறுத்தம் நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். காந்திபுரத்துக்கும் சிங்காநல்லூருக்கும் இரவு 10 முதல் 11 மணி வரை சில சிறப்புப் பேருந்துகளை விடுமாறு அரசுப் போக்குவரத்துக் கழகத்தையும், அதற்கான செலவைக் கச்சேரி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுமாறு அனுமதி வழங்கும் அதிகாரிகளையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.