கால்வாயின் வளைவில் நின்று பார்க்கட்டும் நம் பிள்ளைகள்

லண்டன் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். கென்ட் பக்கம் சுற்றுலா என்றால் டோவர் கோட்டையோடு திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை பஸ்ஸை ஆப்பிள்டோர் கிராமம் வரை விடச் சொல்லுங்கள். அங்கே ராயல் மிலிட்டரி கால்வாய் ஓடுகிறது.

1804இல் நெப்போலியனின் படை கடலுக்கு அக்கரையில், பூலோனில் திரண்டு நின்றது. இக்கரையில் ரோம்னி மார்ஷ் தட்டையான சதுப்பு வெளி. படை இறங்கத் தோதான இடம். எதிரி வந்தால் மதகுகளைத் திறந்து வெளியையே வெள்ளக்காடாக்குவது என்றுதான் முதலில் நினைத்தார்கள். வெறும் வதந்தியை நம்பித் திறந்துவிட்டால் விளைநிலமெல்லாம் பாழ். அந்தச் செப்டெம்பரில் லெப்டினன்ட் கேணல் ஜோன் பிரவுன் வேறு வழி சொன்னார்: சதுப்பு வெளிக்குப் பின்னால், பழைய கடற்பாறைகளின் அடிவாரத்தை ஒட்டி ஒரு கால்வாய். நில உரிமையாளர்களிடம் பிரதமர் வில்லியம் பிட்டே பேசிச் சம்மதம் வாங்கினார். ஒக்டோபர் 30இல் வேலை தொடங்கியது.

சீப்ரூக்கிலிருந்து கிளிஃப் எண்ட் வரை 28 மைல்; இடையில் ரோதர், பிரீட் ஆறுகளும் இந்தக் காவல்கோட்டில் சேர்கின்றன. மற்றதெல்லாம் மனிதர் மண்வெட்டியால் வெட்டியது. வெட்டிய மண்ணை உட்கரையில் மண் அணையாகக் குவித்தார்கள். அதன் மறைவில் படை நகர ஒரு பாதை. சுமார் அரைக் கிலோமீற்றருக்கு ஒருமுறை கால்வாய் சற்றே ஒடிந்து திரும்பும். அந்த இடத்தில் பீரங்கியை வைத்தால், அடுத்த வளைவு வரை நீர் நெடுகச் சுடலாம். வளைவில் பிள்ளைகளை நிறுத்தி, “ஏன் நேராக வெட்டவில்லை?” என்று கேளுங்கள். அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வன்னியில் மண் அணைகளைப் பார்த்த பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களையும் அழையுங்கள். சொல்ல மனமிருந்தால், பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

1805இலேயே நெப்போலியன் படையைக் கிழக்கே திருப்பிவிட்டார். கால்வாய் முடிந்ததோ 1809இல். செலவு 2,34,000 பவுண்ட். படையெடுத்து வந்த எவர்மீதும் இங்கிருந்து ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. பாலங்களில் நின்ற காவலர்கள் கள்ளக்கடத்தல்காரரைத்தான் மறித்தார்கள். 1940இல் ஹிட்லருக்கு அஞ்சி அதே கரையில் கொங்கிரீட் காவலரண்கள் கட்டினார்கள். அவற்றையும் இன்று பார்க்கலாம். கால்வாய் இப்போது சதுப்பு வெளியின் வெள்ளத்தை வடிக்கிறது, கோடையில் வயலுக்கு நீர் தருகிறது.

28 மைலும் நடக்க வேண்டாம். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை நடந்தால் போதும். கரையோரம் என்பதால் சின்னப் பிள்ளைகளோடு கூடுதலாகப் பெரியவர்கள் வர வேண்டும். நான் வரத் தயார்.

அன்புடன்,
ஒரு தாய்