ராமர் காசில் என்ன மர்மம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அபூர்வ நாணயங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன, குறை சொல்ல முடியாது. ஆனால் ராமர் பட்டாபிஷேகக் காசின் படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்ட இந்த அரையணாவின் தோற்றம் இன்றுவரை மர்மம்.’

கம்பெனி வெளியிட்டது என்றால் அப்புறம் மர்மம் எங்கே வந்தது? மர்மம்தான் என்றால், கம்பெனி வெளியிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது? இரண்டில் ஒன்றையாவது விட்டுக் கொடுத்திருக்கலாம்.

தங்களுக்குத் தெரியாததல்ல. இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரியான கம்பெனிக் காசு 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. அந்தச் சட்டப்படி வந்த அரையணாவில் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனி முத்திரை, மறுபக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பு. சுத்தச் செம்பு, எடை 12.95 கிராம். 1818இல் மாகாணத்துக்கு மாகாணம் காசு வேறு. சென்னை மாகாணத்தில் புழங்கிய 10 காசும் 20 காசும் 1803, 1808 என்ற ஆண்டுகளோடு இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. அப்படி வந்த கப்பல்களில் ஒன்று 1809இல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கி, அதிலிருந்த 1808ஆம் ஆண்டுக் காசுகளை 1980களில் அள்ளி எடுத்தார்கள். கடலுக்கடியில் கிடந்த காசுக்கே கணக்கு இருக்கிறது, ஐயா.

வெள்ளைக்காரன் சாமி படம் போடுவானா என்று கேட்கும் ஆளல்ல நான். போட்டான். சென்னைக் கோட்டையில் கம்பெனி அடித்த ‘மூன்று சுவாமி வராகன்’ என்ற பொற்காசில் பெருமாளும் இரு தேவியரும் இருக்கிறார்கள். நட்சத்திர வராகனிலும் பெருமாள் உண்டு. ராமர்தான் வேண்டுமென்றால் அக்பர் தன் ஆட்சியின் 50ஆம் ஆண்டில் வெளியிட்ட காசில் வில்லேந்தி நிற்கிறார், கூடவே சீதை, மேலே நாகரியில் ‘ராம் சிய’ என்ற எழுத்து. இவையெல்லாம் நிஜம். உங்கள் கட்டுரையாளர் இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நிஜத்தில் மர்மம் இல்லையே, அதனால் இருக்கலாம்.

இதே ராமர் காசு வகையறாவில் 1616, 1717 என்று ஆண்டு போட்டதெல்லாம் சந்தையில் சுற்றுகிறது. 1616 என்ன வருஷம்? இங்கிலாந்து மன்னரின் தூதர் தாமஸ் ரோ, ஜஹாங்கீர் தர்பாரில் வியாபாரத்துக்கு அனுமதி கேட்டு நின்ற வருஷம். வாசலில் காத்து நின்றவன், வீட்டுக்காரர் ஊரில் அணாக் காசு அடித்து விட்டானாம்! சிலவற்றில் ‘யு.கே.எல்.’ என்று வேறு எழுதியிருக்கும். யு.கே. என்பது ஐக்கிய ராஜ்ஜியமாக இருந்தால் அந்தப் பெயரே 1801இல்தான் பிறந்தது.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் பெரியப்பாவின் பூஜை அலமாரியில் இதே காசு ஒன்று சிவப்புத் துணியில் சுற்றி இருந்தது. அவர் காலமான பிறகு அது யாருக்கு என்று அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பேச்சு நின்றுபோனது. கடைசியில் சின்னவன் அதை என்னிடம் கொண்டு வந்தான். நகைத் தராசில் வைத்தேன், எந்த அரையணாவோடும் எடை ஒத்துப்போகவில்லை. விளிம்பைச் சுற்றி, அச்சுப் பெட்டியின் இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு, அதன் மேல் அரம் போட்ட தடம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகளின் ஓரத்தில் பொடிப் பொடியாகக் கொப்புளங்கள். அடித்த காசில் அது வராது, உருக்கி வார்த்ததில்தான் வரும். ராமர் மூக்கும் தேய்ந்திருக்கிறது, பள்ளத்தில் இருக்கும் சிம்மாசனக் காலும் அதே அளவு தேய்ந்திருக்கிறது. கைபட்டுத் தேய்ந்திருந்தால் மேடுதானே முதலில் போகும்? புளி போட்டுத் தேய்த்தோம். செம்பு என்றால் சிவக்க வேண்டும். இது குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாகச் சிரித்தது.

பித்தளைதான். பக்தர்களுக்கும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் விற்பதற்காகப் பிற்காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் ஊற்றியது. அதன் ‘தோற்றம்’ அவ்வளவுதான். பூஜைக்கு வைத்துக்கொள்ள ராமடங்கா என்ற கோயில் காசு மரபு நம்மிடம் ஏற்கெனவே உண்டு, அது யாரையும் ஏமாற்றவில்லை. அதன் மேல் கம்பெனி பெயரையும் பொய் வருஷத்தையும் ஏற்றியதுதான் கோளாறு. கள்ள நாணயத்துக்காவது ஓர் அசல் இருக்கும். இதற்கு அசலே கிடையாது.

ஒரு வழியாக அண்ணன் தம்பி சமாதானமாகிச் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் இதழ் வந்தது. மறுநாள் காலையில் பெரியவன் என்னைப் போனில் கூப்பிட்டு, “பத்திரிகையில கம்பெனி காசுன்னு போட்டிருக்காங்களே சித்தப்பா மகனே, உங்க புளி என்ன சொல்லுது?” என்றான். அச்சில் வந்ததற்கு முன்னால் என் தராசு என்ன செய்யும்?

இதே வகைக் காசைக் காட்டித்தான் ‘அரிசியை இழுக்கும்’, ‘இரிடியம் இருக்கிறது’ என்று மோசடிக்காரர்கள் குடும்பங்களை மொட்டை அடிக்கிறார்கள். பழைய நாணயத்தை வாங்குகிறோம், முன்கூட்டியே கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021இல் அறிக்கையே விட்டது. அதை நீங்கள் பிரசுரித்ததாக நினைவில்லை. ‘உங்கள் வீட்டுப் பரணிலும் லட்சங்கள் இருக்கலாம்’ என்று அட்டையில் போட்டது நன்றாக நினைவிருக்கிறது.

பழைய கதையைக் கிளறக் கூடாது என்றுதான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மரியா தெரசா தாலர் என்ற வெள்ளி நாணயம் பற்றி உங்களுக்கு எழுதியிருந்தேன். அந்த ஆஸ்திரிய அரசி இறந்தது 1780இல். அதன் பிறகு எப்போது அடித்தாலும் காசில் 1780 என்றே போட்டார்கள். 1940-41இல் நம் பம்பாய் நாணயச் சாலையில்கூட அடித்தார்கள். காசில் இருக்கும் வருஷத்தை அப்படியே நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் அதை எழுதினேன். நான்கு பக்கக் கடிதத்தை நான்கு வரித் துணுக்காகச் சுருக்கினீர்கள், சரி, இடப் பஞ்சம். ‘அன்னை தெரசா நாணயம்’ என்று தலைப்பு வைத்தீர்களே, அதற்கு என்ன பஞ்சம்? திருத்தம் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. கோபம் எதுவும் இல்லை, தாங்கள் எவ்வளவு வேலைகளுக்கு நடுவில் இருப்பீர்கள் என்று தெரியும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் படத்துக்கு இரண்டு வரித் திருத்தம், அதே பக்கத்தில். இனி நாணயப் படம் போடும்போது எடையும் விட்டமும் உலோகமும் கீழே இருக்கட்டும். அப்புறம், தாலர் கடிதத்தோடு ஒரு புகைப்படம் வைத்திருந்தேன், என்னிடம் இருந்த ஒரே பிரதி. தபால் தலை ஒட்டிய உறையும் கூடவே இருந்தது. தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பல்லாண்டு சந்தாதாரர் ஒருவர்