முடிவு தெரிந்தால் என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காதல் நாவல்களுக்கு முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது, அதனால்தான் சலிக்கிறது என்று சென்ற இதழ்க் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் 22 வருடம் வாடகை நூலகம் நடத்தியவள் நான். முடிவு தெரிந்துவிட்டது என்று குறைபட்டு ஒருத்தியும் என்னிடம் புத்தகத்தைத் திருப்பித் தந்ததில்லை. சொல்லப்போனால் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, இருவரும் சேர்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் எடுத்துப்போவார்கள். ராமாயணக் காலட்சேபத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் முடிவு தெரியாதா?

அவர்கள் புலம்பியது வேறு விஷயத்துக்கு. ஒரு மாத நாவலில், நாயகன் தன் அத்தை மகளோடு ஜவுளிக்கடையில் நிற்பதை நாயகி பார்த்துவிடுவாள். அவ்வளவுதான், 90 பக்கத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் புத்தகம் ஒருநாள் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘இதை அன்றைக்கே கேட்டுத் தொலைத்திருக்கலாமே!’ சில மாதம் கழித்து அதன் கீழே வேறொரு கையெழுத்தில் ‘ஆமாம்’. அதற்கும் கீழே இன்னொரு ‘ஆமாம்’. புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் வாங்குவது என் வழக்கம். இதற்கு வாங்க மனசு வரவில்லை.

சண்டை சின்னதாக இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வள்ளுவர் ஒரு தும்மலை வைத்தே சண்டை மூட்டுகிறார்.

வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று.

அவன் தும்முகிறான், இவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுமுன் அழுகை: யார் நினைத்துத் தும்மினீர்கள்? சரி, வம்பே வேண்டாம் என்று அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உங்களவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா என்று அதற்கும் அழுகை! இவளிடம் எந்த விளக்கம் எடுபடும்? தும்மல் ஒரு சாக்கு. ஆசையும் பயமும் அவளுக்குள்ளேயே கிடக்கின்றன, அதனால் ஒன்றே முக்கால் அடியில் நமக்கு அவளைத் தெரிந்துவிடுகிறது. ஜவுளிக்கடை நாயகியை 90 பக்கம் படித்தும் தெரியவில்லை. கதையை நீட்டவேண்டும், அதற்காக அழுகிறாள்.

தடை வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றால் எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கரண்ட் இல்லை, போன் இல்லை, சாலை முழுக்க மரம். இதோ இருக்கிற பாண்டியில் என் தங்கை எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் அடியோடு சாய்ந்தன. முந்திரிக் காசை நம்பிக் கல்யாணம் பேசியிருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். அப்படியொரு வீட்டில் தொடங்கும் காதல் கதை ஒன்றும் என் கடைக்கு வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு எப்போதும் அத்தை மகள்தான் அகப்படுகிறாள்.

அப்புறம், கன்னத்தில் அறையும் நாயகர்கள். அவளை மிரட்டி, அழவைத்து, கட்டாயத் தாலி கட்டி, கடைசி அத்தியாயத்தில் ‘எல்லாம் உன்மேல் உள்ள காதலால்தான்’ என்பார்கள். கடை தொடங்கிய காலத்தில் இதையும் ரசித்துப் படித்தார்கள், பொய் சொல்லமாட்டேன். கடையை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பெரியார் கலைக் கல்லூரியில் படித்த பெண் ஒருத்தி அப்படியொரு புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, “இவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா? கேஸ் போடணும் அக்கா” என்றாள். அதை அலமாரியில் வைக்காமல் உள்ளே போட்டுவிட்டேன்.

என் கடையில் மூன்று முறை பைண்டிங் செய்த நாவல் ஒன்று உண்டு. அட்டை எப்போதோ போய்விட்டது. அதில் நாயகன் ஒரு சாதாரண குமாஸ்தா, காதல் என்ற வார்த்தையே அவன் வாயில் வராது. அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்று, சமைக்கத் தெரியாதவன் ரசம் வைக்கிறான். புளி தூக்கலாகிவிடுகிறது. அவள் முகம் சுளிக்காமல் குடிக்கிறாள். மிச்சத்தை அவன் வாயில் வைத்த பிறகுதான் எவ்வளவு புளிப்பு என்று அவனுக்குத் தெரிகிறது. இரண்டு பேரும் ஒன்றும் பேசுவதில்லை. அந்த நாவலின் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. “ரசம் புக் வந்துடுச்சா அக்கா?” என்றுதான் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் இதழில் புதுச்சேரியில் நடக்கும் தொடர்கதை வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள், சந்தோஷம். முன்பு ஒரு நாவலில் நாயகன் இரவு எட்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில் காரைச் சீறிக்கொண்டு ஓட்டிவந்து, காந்தி சிலை முன்னால் நாயகியை வழிமறிப்பான். மாலை ஆறு மணிக்கே அங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், எல்லோரும் நடந்துதான் போகவேண்டும் என்பது பாண்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் எழுத்தாளரிடம் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவன் நடந்தே வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.