நார்வே கணக்கு நமக்கு ஒத்துவருமா?

ஆசிரியருக்கு,

பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்த நாள் குறிக்கும் விவாதத்தில் எல்லோரும் நார்வேயைக் காட்டுகிறார்கள். 2024-இல் அங்கு விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களில் இருந்து வருகிறது. நம் நாட்டிலோ ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரி. அதற்காக மின்சாரக் காரால் பயனே இல்லை என்பதும் சரியல்ல. எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கும் இன்ஜினைவிட மின்மோட்டார் எவ்வளவோ சிக்கனம். தெருவில் புகையும் இல்லை.

என் கவலை வேறு. சார்ஜ் எங்கே போடுவது? பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் கேட்டாலே சங்கக் கூட்டத்தில் சண்டை. வாடகைக்கு இருப்பவர் வாயே திறக்க முடியாது. தெருவோரம் நிறுத்துபவர் மூன்றாம் மாடியிலிருந்து ஒயர் தொங்கவிடவா முடியும்?

2025 ஜூனில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மானியப் பணத்தை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம், அப்புறம் ஆட்டோக்கள் பக்கம் திருப்பினால் தேவலை. கார் வாங்க வசதி உள்ளவர்களுக்குச் சலுகை குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. பழைய குடியிருப்புகளில் சார்ஜர் பொருத்தச் சங்கங்கள் தடைபோடக் கூடாது என்று அரசு கறாராகச் சொல்லட்டும்.

– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை